செட்டிநாட்டு வீடுகள்: வளவில் இருந்தவர்கள் யார்?

கண்டனூர்க்காரி:

பழைய வீடுகளில் வாழ்ந்தவர்கள், வேலை பார்த்தவர்கள், வாங்கி விற்றவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள். முதலில் நான் ஆரம்பிக்கிறேன்.

என் புகுந்த வீடு பள்ளத்தூர்ப் பக்கம். பங்காளிகள் பொதுவில் இருக்கும் வீடு, கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான் திறப்போம். வருகிறவர்கள் முகப்பிலேயே நின்றுவிடுவார்கள். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி சலவைக்கல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கட்டிய ஐயா எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்பதுதான் பேச்சாக இருக்கும். ஆனால் அவர் இந்த வீட்டில் எத்தனை நாள் இருந்திருப்பார்? கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, பர்மாவில் ரங்கூன், மோல்மீன் என்று போனால் மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். கொஞ்ச நாளில் அடுத்த கணக்குக்குக் கப்பலேற வேண்டும். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், நாள் முழுக்க இருந்தது பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான். தனியாகச் சமைத்துக்கொள்ளும்படி வேறு வைத்த மருமகள்களின் தனித்தனி அடுப்புகள் இன்னும் பின்கட்டில் வரிசையாக இருக்கின்றன.

சாமான் அறையைத் துப்புரவு செய்தபோது ஒரு சீர்ப் பட்டியல் நோட்டு கிடைத்தது. வெண்கலப் பானை, மங்குத் தட்டு, எனாமல் தூக்கு என்று மையில் எழுதிய வரிசை. நடுநடுவே சில உருப்படிகள் மட்டும் பென்சிலால் அடிக்கப்பட்டு, எதிரே ரூபாய் அணாக் கணக்கு. எல்லாமே 1942, 43ஆம் வருடத்துத் தேதிகள். வீட்டில் மூத்த ஆச்சியிடம் கேட்டேன். அவர் அப்போது சிறுபிள்ளை.

"ஜப்பான்காரன் ரங்கூனப் பிடிச்சதும் பணமும் இல்ல, கடுதாசியும் இல்ல. பாத்திரக்காரன் வருவான். முகப்பு வழியா விடமாட்டாக, பின்கட்டு வழியாத்தான்" என்றார்.

தூண்களைப் பற்றி ஊரே பேசுகிறது. பாத்திரத்தை விற்று அந்த வீட்டை நடத்தியவர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

தச்சுப்பட்டறை:

நான் வீடு பிரிக்கிற வேலைக்குப் போகிறவன். பங்காளிகள் பெருகி, பராமரிக்க முடியாமல் போனால் கடைசியில் பிரிப்பதுதான் முடிவாகிறது. நிலை, தூண், உத்திரம், ஓடு எல்லாம் தனித்தனியாக விலை போகும். பல சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வரும், அங்கிருந்து ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் போய்விடும்.

ஒரு வீட்டில் சமையல்கட்டுக் கதவைக் கழற்றினோம். கதவு மறைத்திருந்த சுவரில் கரிக்கோடுகள், கொத்துக் கொத்தாக. பால் கணக்கு. சில கொத்துகளுக்குப் பக்கத்தில் சின்னதாக 'தயிர்' என்று எழுதியிருந்தது. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, அத்தனை வருஷமாகியும் வெடிப்பில்லை. மறுநாள் அந்தச் சுவரும் இறங்கிவிட்டது. உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் கதவுக்குப் பின்னால், அலமாரிக்குள், பரண் மேல் எல்லாம் போட்டோ எடுத்துவிடுங்கள்.

வியாசர்பாடி:

எங்கள் தாத்தா நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார், இல்லை. ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கியில் சமையல்காரர். பர்மா அரசு 1963இல் வங்கிகளையும் 1964இல் கடைகளையும் எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் குடும்பம் கையில் மாற்றுத் துணியோடு கப்பலில் சென்னைக்கு வந்தது. கானாடுகாத்தானில் செட்டியார்களின் வீடுகளை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. 1930களில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாமல் கீழ்ப் பர்மா விவசாயிகள் இழந்த நிலம் கொஞ்சநஞ்சமல்ல. அங்கிருந்த நெல் வயல்களில் ஏறத்தாழ கால்வாசி செட்டியார்களின் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தது. வீட்டு வரலாறு எழுதுகிறவர்கள் அந்த விவசாயிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

கண்டனூர்க்காரி:

அவசியம் எழுத வேண்டும். எங்கள் வீட்டுக்குள் அந்தப் பேச்சையே யாரும் எடுத்ததில்லை.

வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று எப்படித் தேடுவது என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தீர்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். பிற்கால வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம், அங்கே இல்லாத பழையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். ஆனால் எங்கள் பத்திரங்களில் பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான். பெண்களைத் தேட வேண்டுமானால் பாத்திரத்தின் விளிம்பைப் பாருங்கள், பேர் வெட்டியிருக்கும். அப்புறம் படைப்பு. முன்னோருக்குப் புதுப் புடவை வைத்துப் படைக்கும்போது அது யாருக்கு என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு பெயர் தெரிந்தது. தலைப்பிரசவத்தில் இறந்தவர், கணவர் அப்போது மோல்மீனில். எந்தப் பத்திரத்திலும் அவர் இல்லை. பெரியவர்கள் சொல்லும்போதே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், உறவுமுறை பிறகு குழம்பிவிடும்.