பொறுப்பாய்வு: மழலையர் கல்விக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

நாம் தொகுக்கும் மழலையர் கல்வி அகராதியில் அக்கவுண்டபிலிட்டி அசெஸ்மென்டுக்கு, அதாவது பள்ளி தன் வேலையைச் சரியாகச் செய்ததா என்று கணக்குக் கேட்கும் சோதனைக்கு, ‘பொறுப்புடைமை மதிப்பீடு’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. தனித்தனியே இரண்டும் நல்ல சொற்கள், சேர்த்தால்தான் வம்பு. ‘நான்கு வயதுக் குழந்தைகளின் பொறுப்புடைமை மதிப்பீடு’ என்று எழுதிப் பாருங்கள். பிள்ளை எவ்வளவு பொறுப்பாக நடந்துகொள்கிறது என்று பார்க்கிறார்கள் போலும் என்றே எவரும் நினைப்பார். பதில் சொல்ல வேண்டியது பள்ளி. கூண்டில் ஏறுவதோ பிள்ளை.

இங்கிலாந்தில் நடப்பதை வைத்துச் சொல்லைச் சோதிக்கலாம். அங்கே 2021 செப்டம்பர் முதல், அரசு நிதி பெறும் பள்ளிகளில் ரிசெப்ஷன் என்னும் முதல் வகுப்பில் சேரும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முதல் ஆறு வாரங்களுக்குள் ஒரு சோதனை நடத்துகிறார்கள். ஆசிரியர் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, சுமார் 20 நிமிடம், மொழியிலும் எண்ணிலும் சின்னச் சின்ன வேலைகள் தருகிறார். பிள்ளை திணறினால் கடினமான கேள்விகள் கேட்கப்படாமலே விடப்படும். மதிப்பெண்ணைப் பெற்றோருக்கும் சொல்வதில்லை, ஆசிரியருக்கும் சொல்வதில்லை. ஆசிரியருக்குக் கிடைப்பவை சில வாக்கியக் குறிப்புகள் மட்டும். மதிப்பெண் அரசின் தரவுத்தளத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைகள் 11 வயதில் தொடக்கப்பள்ளியை முடிக்கும்போது, பள்ளி அவர்களை எவ்வளவு முன்னேற்றியது என்று பார்க்கவே அது. முதல் அணியின் கணக்கு 2028இல்தான் முடியும். இதைக் குழந்தையின் ‘மதிப்பீடு’ என்று அழைப்பது பெற்றோரை ஏமாற்றுவதாகும்.

ஏழைக் குடும்பங்களின் மழலையருக்கான அமெரிக்க அரசுத் திட்டமான ஹெட் ஸ்டார்ட்டில் 2003இல் இதைவிட அவசரமாக இறங்கினார்கள். நான்கு லட்சத்துக்கும் அதிகமான சிறுவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ஒரே சோதனை: ஒரு பக்கத்தில் நான்கு படங்கள், சொல்லப்படும் சொல்லுக்குரிய படத்தை விரலால் காட்ட வேண்டும், எழுத்துகளின் பெயர் சொல்ல வேண்டும், இப்படி. அளவுகோல் நம்பத்தகுந்ததுதானா என்ற கேள்வியை அரசின் தணிக்கை அலுவலகமே 2005இல் எழுப்பியது. 2007இல் சோதனை கைவிடப்பட்டது. எட்டு வயதுக்கு முன் எடுக்கும் இத்தகைய அளவுகளை நம்பிப் பிள்ளையைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ பெரிய முடிவுகள் எடுக்கலாகாது என்று அமெரிக்காவின் தேசியக் கல்வி இலக்குகள் குழுவின் அறிக்கை 1998இலேயே எச்சரித்திருந்தது. யார் கேட்டார்கள்!

ஆகவே இரு வேலைகளுக்கும் இரு சொற்கள் வேண்டும். பிள்ளை எங்கே நிற்கிறது, அடுத்து என்ன கற்பிக்கலாம் என்று பார்ப்பதற்கு ‘வளர்ச்சி மதிப்பீடு’ இருக்கட்டும். இலங்கைப் பாடநூல்களில் அசெஸ்மென்டுக்குக் ‘கணிப்பீடு’ என்பது வழக்கம். அங்கே அது பழகிய சொல். ஆனால் தமிழ்நாட்டில் கணிப்பு என்றதும் தேர்தலும் ஜாதகமும்தான் நினைவுக்கு வரும். நான்கு வயதுப் பிள்ளையிடம் நாம் செய்யவே கூடாதது எதிர்காலத்தைக் கணிப்பது.

பள்ளியிடம் கணக்குக் கேட்பதற்கு ‘பொறுப்பாய்வு’ என்பதை முன்வைக்கிறேன். ‘பள்ளிப் பொறுப்பாய்வு’, ‘பொறுப்பாய்வுச் சோதனை’, ‘பொறுப்பாய்வுக்கு உட்பட்ட மையங்கள்’ என்று தடையின்றி நீள்கிறது. முன்னொட்டாக எப்போதும் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும், ‘குழந்தை’ வரவே கூடாது என்று அகராதிக் குறிப்பிலேயே எழுதிவிடலாம். ‘கணக்காய்வு’ இன்னும் நேரடியானது, ஆனால் இலங்கையில் அது ஆடிட்டுக்கு உரியதாகிவிட்டது. ‘பொறுப்புக்கூறல்’ எனக்கும் பிடிக்கும். கடமையைக் குறிக்க அதுவே இருக்கட்டும், அக்கடமை நிறைவேறியதா என்று பார்க்கும் செயலுக்குப் பொறுப்பாய்வு. (அவசரமாகப் படித்தால் ‘பொறுப்பாய்’ என்று கண் தடுக்கும். தெரியும்.)

முடிவைப் பொறுத்துப் பெரிய விளைவுகள் வரும் ஹை ஸ்டேக்ஸ் தேர்வுக்கு ஒருவர் ‘தலையெழுத்துத் தேர்வு’ என்றார். கேலியாகச் சொன்னார் என்றாலும் ‘உயர்பங்குத் தேர்வு’ என்பதைவிட அது ஆயிரம் மடங்கு புரிகிறது.

இன்னும் தீராதது பேஸ்லைன், அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடக்கத்தில் எடுத்துவைக்கும் அளவு. ‘அடிக்கோடு’ ஏற்கெனவே சொற்களுக்குக் கீழே போட்டாகிவிட்டது. ‘தொடக்க அளவு’ என்றே தற்காலிகமாக எழுதுகிறேன். மேலானது தோன்றினால் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு அனுப்புங்கள்.