விளையாட்டா, கொடுமையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம். என் மகன் ஐந்தாம் வகுப்பு. ஒரு மாதமாக ஞாயிறு மாலை ஆனாலே வயிற்றுவலி என்கிறான். நடுவில் நான்கு நாள் விடுமுறை வந்தது, வலியே இல்லை. பென்சில் பெட்டி இரண்டு முறை 'தொலைந்து' போனது. நேற்று சட்டையின் மேல் பட்டன் நூலோடு பிய்ந்திருந்தது. கேட்டால், "சும்மா விளையாடினோம்மா" என்கிறான், என் முகத்தைப் பார்க்காமல்.

வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, எதிர்க்க முடியாதவனிடம் செய்தால் அது விளையாட்டு இல்லை என்பது டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் வகுத்த அளவுகோல். சரி, வீட்டில் இருந்துகொண்டு அதை எப்படித் தெரிந்துகொள்வது? விசாரணை மாதிரி கேட்டால் வாயே திறக்க மாட்டான். (அவன் அப்பா "திருப்பி அடி" என்கிறார், அது தனிக் கதை.)

இதைக் கடந்து வந்தவர்கள், பிள்ளையைப் பேசவைத்த முதல் கேள்வி எது என்று சொல்லுங்களேன். அப்புறம், அவனுக்குத் தெரியாமல் வகுப்பு ஆசிரியரிடம் பேசலாமா?