சப்வூஃபர் சேர்த்தவர்களின் அனுபவங்கள்: அந்த அடிநாதம் எங்கே போகிறது?

வெள்ளவத்தையிலிருந்து:
10 அங்குல சப்வூஃபரை (தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஒலிபெருக்கிப் பெட்டியை) ஸ்டீரியோவுடன் இணைத்து, வழக்கமான கதிரையில் அமர்ந்து பழைய திரைப்பாடல்களைப் போட்டபோது, பேஸ் கிட்டாரில் எந்த மாற்றமும் தெரியவில்லை. தேநீர் எடுக்க எழுந்து சமையலறை வாசலை அடைந்ததும் அதே கிட்டாரின் தடித்த தந்தி நெஞ்சில் வந்து மோதியது. கதிரைக்குத் திரும்பினால் மறைந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய ஒலி நான் அமரும் இடத்துக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. கடைக்காரர் 12 அங்குலத்துக்கு மாறச் சொல்கிறார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
எனக்கு நேர்ந்தது வேறு. பாட்டு நின்ற பிறகும் சப்வூஃபர் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. உள்ளேயுள்ள அம்ப்ளிஃபயர் பலகையை மாற்ற வேண்டும் என்றார் திருத்துநர். தொலைக்காட்சிக்கு வரும் டிஷ் கேபிளைக் கழற்றிய கணத்தில் இரைச்சல் அறுந்து நின்றது! சாதனங்கள் இரு வேறு வழிகளில் எர்த் பெறும்போது, அவற்றை இணைக்கும் ஒலிக் கம்பியூடாக நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் நுழைகிறது. அதற்காக எவரும் செருகியின் எர்த் கம்பியைத் துண்டித்துவிட வேண்டாம். அது உயிர் காக்கும் கம்பி.

தெஹிவளையிலிருந்து:
எனக்கும் பெரிய பெட்டியை விற்கப் பார்த்தார்கள், நான் வாங்கவில்லை. வெள்ளவத்தை நண்பரும் வாங்கக் கூடாது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்கிறது. 4 மீற்றர் நீளமான அறையில் அது 43 ஹெர்ட்ஸ் அளவில் இரு சுவர்களுக்கிடையே தெறித்து, நகராமல் நிற்கும் நிலையலையாகிறது. சுவரருகே அழுத்தம் உச்சத்திலும் நட்டநடுவில் ஏறக்குறைய சூனியத்திலும் இருக்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி தருவது 41 ஹெர்ட்ஸ். உங்கள் கதிரை நடுவில் இருந்தால் எத்தனை அங்குலப் பெட்டியாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. முதலில் கதிரையைப் பின்னே நகர்த்துங்கள். பிறகு சப்வூஃபரைத் தற்காலிகமாகக் கதிரையின் இடத்தில் வைத்து, ஒரே பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள்; சுரங்கள் சீராகக் கேட்கும் இடமே பெட்டிக்குரிய இடம். க்ரொஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். சப்வூஃபரின் அலையை மற்றப் பெட்டிகளின் அலையோடு ஒத்துப்போகச் செய்யும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 பாகை என மாற்றி, அந்த எல்லையில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்:
கதிரை நடுவில்தான் இருந்தது. ஒரு மீற்றர் பின்னே இழுத்தேன், கிட்டார் வந்துவிட்டது. மிக்க நன்றி.

பம்பலப்பிட்டியிலிருந்து:
தெஹிவளை நண்பர் அறையைப் பற்றி மட்டும் பேசுகிறார். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு அது போதாது. ஓர் இரவு கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, “தம்பி, இந்த நேரத்திலும் ரயில் ஓடுதோ? அலுமாரிக் கண்ணாடி அதிருது” என்று கேட்டார். கரையோரப் பாதையில் ரயில்கள் நின்று நெடுநேரமாகியிருந்தது. அவர் குரலில் கோபமே இல்லை என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. பெட்டியின் கீழ் இறப்பர்த் தட்டு வைத்தால் தரைக்கு நேரடியாக இறங்கும் அதிர்வு மட்டுமே குறையும். காற்றில் பரவும் தாழ்ந்த அலை சுவரையும் கொங்கிறீட்டையும் கடந்து செல்லும். மூலையில் வைத்தால் அது இன்னும் வலுக்கும். ஆகவே தவழ்ந்து தேடுபவர்கள், தெரிவுசெய்யும் இடம் அடுத்த வீட்டாரின் பொதுச் சுவரை ஒட்டியுள்ளதா என்று பார்த்த பிறகே கேபிளை இழுக்க வேண்டும்.