கிளிமஞ்சாரோ சேரிட்டி ட்ரெக்: ஸ்பான்சர் காசுல மலை ஏறலாமா?

வெள்ளியங்கிரி_வாசி:

வணக்கம் மக்களே. சொந்த ஊரு கோவை, இப்ப இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கேன். கூட வேலை பாக்குற பொண்ணோட அப்பா கடைசி மூணு வாரம் இங்க ஒரு ஹாஸ்பிஸ்ல (கடைசி காலத்துல நோயாளிங்கள பாத்துக்கற இடம்) இருந்தாரு, அங்க அவர பாத்துக்கிட்ட விதத்த பாத்துட்டு அவங்களுக்கு ஏதாச்சும் செய்யணும்னு தோணிச்சு, அந்த வேகத்துல அவங்களுக்கு காசு திரட்ட அடுத்த செப்டம்பர் தான்சானியாவுல இருக்கற கிளிமஞ்சாரோ மலை ஏறுற குரூப்புக்கு பேர் குடுத்துட்டேன். ரெஜிஸ்ட்ரேஷன் 375 பவுண்ட், அது திரும்ப வராது. அதுக்கு மேல 4,400 பவுண்ட் ஸ்பான்சர்ஷிப் திரட்டணும், அதுல 80% கிளம்புறதுக்கு பத்து வாரம் முன்னாடியே கட்டிடணும்.

இத நம்ம தமிழ் சங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். ஒரு அண்ணன் உடனே "ஆப்பிரிக்கா டூருக்கு மொய் வைக்க சொல்றியா தம்பி"ன்னு கேட்டுட்டாரு. எல்லாரும் சிரிப்பு ஸ்மைலி. எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா அவரு கேட்டது சரிதானோன்னு ராத்திரி பூரா யோசனை. 4,400ல எவ்வளவு ஹாஸ்பிஸுக்கு போகுது, எவ்வளவு என் டென்ட்டுக்கும் சோத்துக்கும் போகுதுன்னு எனக்கே சரியா தெரியாது.

போயிட்டு வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? இன்னொண்ணு, நான் சுத்த சைவம், ஏறுன மலைன்னு சொன்னா வெள்ளியங்கிரி மூணு தடவ அவ்வளவுதான். மச்சாமே ரூட், 6 நாள்னு போட்டிருக்காங்க.

---

போலே_போலே:

நான் 2018ல போனேன், அதே மச்சாமே. வாட்ஸ்அப் அண்ணன் மேல கோவப்படாதீங்க, அவரு கேட்டது நியாயமான கேள்வி, கேட்ட விதம்தான் சரியில்ல.

இதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு நீங்க எடுத்திருக்கறது, ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும் உங்க காசு, டிரிப் செலவு ஸ்பான்சர் பணத்துல இருந்தே டூர் கம்பெனிக்கு போகும். எனக்கு கிட்டத்தட்ட பாதிக்கு பாதி அப்படித்தான் போச்சு. இன்னொண்ணு செல்ஃப் ஃபண்டிங், டிரிப் செலவு மொத்தமும் நீங்க கட்டிடணும், திரட்டுறது முழுக்க சேரிட்டிக்கு. நிறைய இடத்துல நடுவுல கூட மாத்த விடுவாங்க, கேட்டு பாருங்க. "டிரிப்புக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகுது"ன்னு நேரா ஒரு மெயில் போடுங்க, சொல்ல தயங்குனா அப்ப யோசிங்க.

முதல் வழியிலயே போறதா இருந்தாலும் தப்பு இல்ல, ஆனா மறைக்க கூடாது. இங்க ஃபண்ட்ரைசிங் ரெகுலேட்டர்னு ஒண்ணு 2016ல இருந்து இருக்கு, அவங்க விதிப்படி பணத்துல ஒரு பங்கு உங்க டிரிப்புக்கு போகுதுன்னா குடுக்கறவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும். நான் அத பேஜோட அடியில பொடி எழுத்துல போட்டிருந்தேன். ஒரு ஃப்ரெண்டு பின்னாடி கண்டுபிடிச்சு கேட்டான், அந்த கூச்சம் இன்னும் போகல.

கிஃப்ட் எய்ட் பத்தியும் சொல்லிடறேன், இத யாரும் சொல்ல மாட்டாங்க. இங்க டாக்ஸ் கட்டறவங்க குடுக்கற ஒவ்வொரு பவுண்டுக்கும் கவர்மெண்ட் 25 பென்ஸ் சேர்த்து குடுக்கும்ல, ஆனா உங்க டிரிப் செலவ சேரிட்டி கட்டுச்சுன்னா நீங்க, உங்க மனைவி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க, அவங்கவங்க வீட்டுக்காரங்க, இவங்க போடற காசுக்கு அந்த கிஃப்ட் எய்ட் டிக் போட கூடாது. ஃப்ரெண்ட்ஸ், ஆபீஸ் ஆளுங்க தாராளமா போடலாம். டிரிப் செலவ நீங்களே கட்டிட்டா இந்த தலைவலியே இல்ல.

---

ஹரோ_அக்கா:

தம்பி, நான் ஐசியு நர்ஸ், போன வருசம் லெமோஷோ பாதையால போனனான். காசுக் கதை மேல சொன்னவர் வடிவா சொல்லிப்போட்டார், நான் உடம்புக் கதையை மட்டும் சொல்லுறன்.

6 நாள் எண்டா வேண்டாம். ஏழு அல்லது எட்டு நாள் தரச்சொல்லி கேளுங்கோ, காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. உச்சி 5,895 மீட்டர், அங்க மூச்சுக்கு கிடைக்கிற ஒட்சிசன் கடல் மட்டத்தில இருக்கிறதில கிட்டத்தட்ட பாதிதான். உடம்பு அதுக்குப் பழக நாள் வேணும், வேற வழியில்லை. மச்சாமேயில ஒரு நல்ல விசயம், லாவா டவர் எண்ட 4,600 மீட்டர் இடம் வரைக்கும் ஏத்திப்போட்டு திரும்ப 4,000க்குக் கீழ இறக்கி படுக்க விடுவினம். அண்டைக்கு எல்லாருக்கும் தலை இடிக்கும், பயப்பிடாதேங்கோ. ஆனா நேர்கோட்டில நடக்கேலாம தள்ளாடினா, கதை குழறினா, சும்மா இருக்கேக்கையே மூச்சு வாங்கி இருமல் வந்தா அது வேற விசயம், உடன கீழ இறங்கோணும். எங்கட குழுவில நல்லா ஓடித் திரியிற ஒரு பெடியன், மரதன் எல்லாம் ஓடினவன், தலையிடியை கைட்டுக்கு சொல்லாம மறைச்சு கடைசியில 4,600ல இருந்து ராத்திரியோட ராத்திரியா இறக்கினவை, அவனோட வந்த 58 வயசு அம்மா ஒராள் ஆமை மாதிரி நடந்து உச்சிக்குப் போய்ச்சேர்ந்தா.

மலை உயரத்தில வாற வருத்தத்துக்குப் போடுற டயமொக்ஸ் குளிசை பற்றி டிராவல் கிளினிக்கில கதையுங்கோ. சல்ஃபா அலர்ஜி இருந்தா கட்டாயம் சொல்லோணும். விரல் நுனி எல்லாம் விறுவிறுக்கும், ராத்திரி நாலு தரம் டென்டை விட்டு ஒண்டுக்குப் போகவேண்டி வரும், அந்தக் குளிருக்க அது பெரிய கொடுமை. அடிஸ் அபாபா, நைரோபி பக்கத்தால போறீங்கள் எண்டா யெல்லோ ஃபீவர் தடுப்பூசி சர்டிபிகேட் கேப்பினமோ எண்டு முதலே பாருங்கோ, அங்க 12 மணித்தியாலத்துக்கு மேல நிண்டா கேப்பினம். இன்சூரன்ஸ் 6,000 மீட்டர் வரைக்கும் எண்டு எழுத்தில இருக்கோணும், சாதாரண பாலிசி கனக்க இதைவிட கீழயே நிண்டிடும்.

---

மடிப்பாக்கம்_மாமா:

எனக்கு ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. ஹாஸ்பிஸுக்கு குடுக்கணும்னா நேரா குடுத்துட்டு போங்களேன்? டிரிப்புக்கு ஆகுற 2,000 பவுண்டையும் அங்கயே குடுத்தா இன்னும் நல்லது. நம்ம ஊர்ல அன்னதானத்துக்கு காசு குடுக்கறவன் முதல்ல நான் மலை ஏறி காட்டுறேன்னு சொல்றானா?

---

போலே_போலே:

மாமா, சபரிமலைக்கு மாலை போட்டவன் வீட்டுக்கு வந்து கேட்டா பத்து ரூபா குடுப்பீங்களா மாட்டீங்களா? ஒருத்தன் கஷ்டப்படறான்னு தெரிஞ்சா ஜனங்க பர்ஸ திறக்கும், அதுதான் இங்க நடக்குது. என் ஆபீஸ்ல குடுத்த அறுபது பேர்ல முக்கால்வாசி பேரு நான் சும்மா கேட்டிருந்தா அஞ்சு பைசா குடுத்திருக்க மாட்டாங்க. ஆனா உங்க கணக்கும் சரிதான், அந்த 2,000 யாரோ குடுக்கறதுதான், அதனாலதான் டிரிப் காச கையில இருந்து போடுங்கன்னு சொல்றேன்.

அத விட எனக்கு உறுத்துனது வேற. எங்க குரூப்ல 14 பேர், எங்களுக்காக மலை ஏறுனவங்க கிட்டத்தட்ட 50 பேர். போர்ட்டர், சமையல்காரர், கைட் எல்லாம் சேர்த்து. நாங்க பேக்ல தண்ணியும் மழை கோட்டும் மட்டும் வச்சிட்டு "போலே போலே"ன்னு (சுவாஹிலில மெதுவா மெதுவான்னு அர்த்தம், நாள் பூரா அததான் சொல்வாங்க) அசைஞ்சு போயிட்டிருப்போம், அவங்க டென்ட், கேஸ், முட்டை அட்டை எல்லாத்தையும் தலையில வச்சிக்கிட்டு எங்கள தாண்டி ஓடுவாங்க. ஒருத்தர் ஷூ சோல் பிரிஞ்சு கயிறு கட்டியிருந்தாரு. நான் சேரிட்டிக்கு நடக்கறேன்னு டி ஷர்ட் போட்டுக்கிட்டு அவரு பின்னாடி நடந்தேன்.

அதனால வாசி, டூர் கம்பெனி கேபிஏப்பி, அதாவது கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட்டோட பார்ட்னரான்னு பாருங்க. போர்ட்டருக்கு சம்பளம், மூணு வேள சாப்பாடு, ஒழுங்கான டென்ட், தலைச்சுமை 20 கிலோவுக்கு மேல போகாம இருக்கறது, இதெல்லாம் அவங்க பாப்பாங்க. டிப்ஸ் தனி, ஆளுக்கு 200-ல இருந்து 300 டாலர் எடுத்து வைங்க, அத ஸ்பான்சர் காசுல சேர்க்காதீங்க. முடிஞ்சா உங்க பழைய கையுறை, ஜாக்கெட் எல்லாம் அங்கயே குடுத்துட்டு வாங்க, நான் அப்படித்தான் பாதி பை காலியா வந்தேன்.

சாப்பாடு பயப்படாதீங்க, சைவம்னு முன்னாடியே சொன்னா கஞ்சி, சூப், காய்கறின்னு ஓட்டிடலாம். ஆனா மேல போகப்போக பசியே எடுக்காது, அப்ப ஒரு பாக்கெட் பூண்டு ஊறுகாய் உயிர காப்பாத்தும். பிளாஸ்டிக் கவர்ல கட்டிட்டு போகாதீங்க, தான்சானியாவுல 2019 ஜூன்ல இருந்து பிளாஸ்டிக் பைக்கு தடை.

---

வெள்ளியங்கிரி_வாசி:

எல்லாருக்கும் நன்றி. மெயில் போட்டேன், ரெண்டே நாள்ல பதில் வந்துச்சு, டிரிப் பங்கு 2,050 பவுண்ட். வீட்டம்மாகிட்ட பேசி டிசம்பர் ஊருக்கு போறத ஒரு வருசம் தள்ளி வச்சாச்சு (இதுக்கு தனி பஞ்சாயத்து நடந்துச்சு, அத விடுங்க), அந்த காச நானே கட்டறேன். 7 நாளுக்கும் மாத்திட்டாங்க, 140 பவுண்ட் எக்ஸ்ட்ரா. கேபிஏப்பி லிஸ்ட்ல கம்பெனி பேர் இருக்கு.

ஹரோ அக்கா, ட்ரெயினிங்குக்கு இந்த சனிக்கிழமை வேல்ஸ்ல இருக்கற பென்-ஒய்-ஃபேன் மலைக்கு போனேன், 886 மீட்டர்தான், மழையும் காத்தும் சேர்ந்து அடிச்சதுல வெள்ளியங்கிரி ஆறாவது மலை நெனப்பு வந்துருச்சு. இறங்கும்போது முட்டி புடிச்சிக்கிச்சு, இன்னிக்கு திங்கக்கிழமை, ஆபீஸ் படிக்கட்டுல பக்கவாட்டுல இறங்கிட்டு இருக்கேன். ட்ரெக்கிங் போல் வாங்கணுமா, வாடகைக்கு அங்கயே எடுத்துக்கலாமா?

பேஜ்ல முதல் வரியே "என் பயண செலவு என் காசு, நீங்க குடுக்கறது முழுக்க ஹாஸ்பிஸுக்கு"ன்னு எழுதிட்டேன். லிங்க்க திரும்ப அதே வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். மொய் அண்ணன் 51 பவுண்ட் வச்சிருக்காரு.

---

ஹரோ_அக்கா:

போல் மலையடிவாரத்தில இருக்கிற மோஷி ஊரிலயே வாடகைக்கு எடுக்கலாம் தம்பி, ஆனா இப்பவே வாங்கிப் பழகுங்கோ. சப்பாத்தும் அப்பிடித்தான், புதுசா கொண்டுபோய் அங்க போடாதேங்கோ. ஏறுறதை விட இறங்கிறதுதான் முட்டியைத் திண்டுபோடும், உச்சிக்குப் போன அண்டைக்கே கீழ ம்வேகா கேம்ப் பக்கம் ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல இறக்குவினம்.