குழந்தைகளுக்குக் கீமோ (புற்றுநோய் மருந்து சிகிச்சை) நடக்கும்போது வலிப்பு, கால் தடுக்கல்: சிகிச்சை தருவோர் பார்த்தவை

குழந்தை நரம்பியல் மருத்துவர்:
லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) குழந்தைக்கு வலிப்பு என்று அழைப்பு வந்தால் முதலில் கீமோ சார்ட்டைத்தான் கேட்கிறோம். எந்த மருந்து, போட்டு எத்தனை நாள்? முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து போட்டு 2 முதல் 14 நாளுக்குள் ஒரு பக்கம் கை கால் விழுந்து பேச்சும் நின்றால், பக்கவாதம் என்றே வீட்டார் பதறுவார்கள். ஆனால் பலவீனம் சில மணி நேரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறும். ரத்தக்குழாய் அடைப்பு அப்படி இடம் மாறாது. சிடி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் (திசுவில் நீர் அசைவதைக் காட்டும்) படத்தில்தான் தெரியும். பெரும்பாலோர் சில நாளில் தேறிவிடுவார்கள்.

ஆஸ்பராஜினேஸ் என்ற கீமோ மருந்தும் ஸ்டீராய்டும் ஓடும் முதல் மாதம் வேறு கதை. தலைவலி எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைந்தால் முதுகில் ஊசி போட்ட இடத்தில் தண்டுவட நீர் கசிகிறது எனலாம். படுத்தாலும் விடாமல் வாந்தியும் சேர்ந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். வெறும் எம்ஆர்ஐ போதாது, சிரைகளைக் காட்டும் வெனோகிராமும் எழுதுங்கள்.

புற்றுநோய் வார்டு செவிலியர்:
அதே மாதத்தில் பிரஷரையும் விடாதீர்கள். 130/90 என்பது பெரியவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும். 4 வயதுக்கு அது அபாயம். பார்வை மங்கி, வலிப்பு வந்த பிறகே பலர் கவனிக்கிறார்கள். கஃப் (பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) பெரிதாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும், அதுவும் ஏமாற்றும்.

சைட்டராபின் என்ற கீமோ மருந்து அதிக டோஸ் என்றால் சிறுமூளை பாதிக்கப்படலாம், அதனால் ஒவ்வொரு டோஸுக்கும் முன்பு மூக்கைத் தொட்டு என் விரலைத் தொடச் சொல்வேன், ஒரு சுருள் வரையச் சொல்வேன். நேற்றைய தாளோடு ஒப்பிட்டால் கோணல் தெரிந்துவிடும். கோணினால் அடுத்த டோஸைப் போடாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருந்தால் இரட்டைக் கவனம்.

பிசியோதெரபிஸ்ட்:
வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து நரம்பைப் பாதிக்கிறதா என்று அறிய, குதிகாலில் நடக்கச் சொல்வதுதான் பரிசோதனை. முன்பாதத்தைத் தூக்க முடியாத குழந்தை தரையில் சப்பென்று கால் வைக்கும், படியில் தடுக்கும். தாடை வலி, மலச்சிக்கல், கரகரத்த குரல் எல்லாம் அதே மருந்தின் வேலை. திடீரென மோசமானால் வோரிகோனசோல், இட்ராகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்து புதிதாகச் சேர்ந்ததா என்று பாருங்கள். அவை வின்கிறிஸ்டினை உடலிலிருந்து வெளியேற விடாது. கணுக்காலுக்கு ஸ்ப்ளிண்ட் (தாங்கு பட்டை) சீக்கிரமே கொடுத்தால் குதிகால் தசைநாண் இறுகாது.

குழந்தை நரம்பியல் மருத்துவர்:
வின்கிறிஸ்டினும் இந்தப் பூஞ்சை மருந்தும் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியமும் இறங்கும், அதுவே வலிப்பைக் கொண்டுவரும். வலிப்பு மருந்தாக ஃபெனிட்டாயின் தொடர்ந்தால் கீமோவின் வீரியம் குறையும், அதற்குப் பதில் லெவெட்டிராசெட்டம் போதும்.