கலைச்சொல்: ‘பொருத்தச் சோதனை’ ஒன்றே போதுமா?

ஐயா, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பட்டறைகளுக்கான மூச்சுக்கவசக் கையேட்டு வரைவில் ‘பொருத்தச் சோதனை’ என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளுக்கு நிற்கிறது. பிரித்தே ஆக வேண்டும். கவச விளிம்பு முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டுகிறதா என்று, ஒவ்வொருவருக்கும் அவர் போடும் மாடலையும் அளவையும் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை செய்வது ஒன்று. கவசத்தை மாட்டும்போதெல்லாம் தொழிலாளியே அதைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. பெயர் ஒன்றானால், காலையில் வடிகட்டியை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தவர் ‘சோதனை முடிந்தது’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆண்டுச் சோதனை நடக்காமலே போய்விடும்.

‘பொருத்தம்’ வேறிடத்தில் தேவைப்படுகிறது: சிலிக்கா தூசுக்கு எந்த வடிகட்டி, பெயிண்ட் தின்னர் ஆவிக்கு எந்தக் கேட்ரிட்ஜ் (ஆவியைப் பிடித்துவைக்கும் குப்பி) என்று தேர்வது. மாற்றாக, ‘படிமானம்’ அழகான சொல்தான். ஆனால் நுரையீரலில் தூசு படிவதைப் பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறோம். ‘படி’ அங்கேயே இருக்கட்டும்.

என் பரிந்துரை ‘முகக்கவ்வு’. விளிம்பு முகத்தைச் சுற்றிலும் கவ்வுகிறதா என்பதுதானே கேள்வி? ஆண்டுக்கொருமுறை செய்வது முகக்கவ்வுச் சோதனை. அன்றாடம் செய்வது கவ்வு பார்த்தல். சோதனைத் துகள் கவசத்துக்கு வெளியே இருக்கும் செறிவை உள்ளே இருக்கும் செறிவால் வகுத்து வரும் எண் கவ்வெண்: அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் (OSHA) விதி 1910.134-இன்படி, மூக்கையும் வாயையும் மூடும் அரைமுகக் கவசத்துக்குக் குறைந்தது 100, கண்ணையும் சேர்த்து மூடும் முழுமுகத்துக்கு 500.

இனிப்பான சாக்கரின் கரைசலைத் தெளித்து, கவசத்துக்குள் இனிப்பு தெரிகிறதா என்று பார்க்கும் முகக்கவ்வுச் சோதனை முறையில் ஒரு கட்டத்தை வரைவு விட்டுவிட்டது. முதலில் கவசமில்லாமல், நீர்த்த கரைசலைத் தெளித்து, இனிப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது தெரியாத நாக்குக்குக் கவசம் ஒழுகினாலும் தெரியாது. அவருக்குக் கசப்புக் கரைசல்தான். சோதனைக்கு முன் 15 நிமிடம் டீகூடக் கூடாது.

---

தம்பி,

பிரித்தது நியாயம். ‘கவ்வு’ நாய் கவ்வுவதை நினைவூட்டும் என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். விடாப்பிடியாகப் பற்றுவதைத்தானே சொல்ல வந்தோம், இருக்கட்டும்.

ஆனால் ‘கவ்வு பார்த்தல்’ என்று மட்டும் போட்டால் கை என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. அரைமுகக் கவசத்துக்கு அதன்கீழ் இரண்டு சொல் வையுங்கள். இழுத்துப் பார்த்தல்: வடிகட்டிகளைப் பொத்தி மெல்ல மூச்சை இழுத்து 10 விநாடி நிறுத்தினால் கவசம் உள்வாங்கியபடியே நிற்க வேண்டும். ஊதிப் பார்த்தல்: வெளிமூச்சு வால்வைப் பொத்தி மெல்ல ஊதினால் ஓரத்தில் காற்று கசியக் கூடாது. வடிகட்டியை அழுத்திப் பொத்தினால் கவசமே முகத்தோடு அமுங்கி, ஒழுகுவதும் ஒழுகாததுபோலத் தெரியும். ‘அழுத்தாமல் பொத்தவும்’ என்றே எழுதுங்கள்.

விளிம்பு படும் இடத்தில் ஒருநாள் முளைத்த தாடிகூட இருக்கக் கூடாது. அந்த வரி சோதனைக்கான அழைப்புத் தாளிலேயே போகட்டும்.