வால்பாறை மழையில் ஒரு கேடயவால்

தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்த பிறகு வால்பாறைப் பக்கம் போனால், விடிந்ததும் தோட்டச் சாலையோரம் மெதுவாக நடப்பேன். மண் ஊறிப்போனால் கேடயவால் பாம்புகள் மேலே வந்துவிடும். போன மழைக்காலத்தில் ஒன்று நடுச்சாலையில் நெளிந்துகொண்டிருந்தது. ஒரு முழம்கூட இருக்காது. கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த அம்மா ஒருவர், "கிட்டப் போகாதீங்க தம்பி, ரெண்டு தலைப் பாம்பு, நக்குனா குஷ்டம் வரும்" என்றார். "இதுக்கு விஷமே இல்லைங்கம்மா, மண்புழுதான் சாப்பாடு" என்று சொல்லி, ஒரு குச்சியால் ஓரத்துப் புல்லுக்கு நகர்த்தினேன். அவரும் குனிந்து பார்த்தார்.

தலைதான் கூர், வால் மொட்டை. அதனால்தான் இந்தக் குழப்பம். சாய்வாகச் சீவிவிட்டது மாதிரி இருக்கும் அந்த வால்நுனியின் சொரசொரப்பில் ஈரமண் அப்பியிருந்தது. உள்ளே நுழைந்ததும் பின்னால் வளையை அடைப்பது அந்த மண்தான். கருப்புச் செதிலில் வெளிச்சம் பட்டபோது நீலமும் ஊதாவும் ஓடின. மூக்கை மண்ணில் குத்தியது, அவ்வளவுதான், கண்ணெதிரே உள்ளே போய்விட்டது.

இந்தப் பாம்புக் குடும்பம் தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. முட்டையிடாமல் குட்டி போடும். மண்ணுக்குள்ளேயே வாழ்வதால் வெகுதூரம் பரவுவதில்லை. பல இனங்கள் ஒன்றிரண்டு மலைகளோடு நின்றுவிடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த ரிச்சர்ட் பெடோம் மலைமலையாக ஏறி இவற்றில் பலவற்றை முதன்முதலில் விவரித்தார்.

அன்று ராத்திரி அதே சாலையோரப் புதர்களில் 'டிக் டிக்' என்று புதர்த்தவளைகள். டார்ச் அடித்தால், நகத்தளவு உடம்பு, அதைவிடப் பெரிதாக உப்பிய தொண்டை. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளையாக வெளியே வரும். குளம் குட்டை தேவையில்லை, ஆனால் ஈரம் போய்விட்டால் முட்டை பிழைக்காது.

மழைநாட்களில் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய கேடயவால்களையும் பார்க்கிறேன், மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவற்றையும் படம் எடுத்து, இடமும் தேதியும் போட்டு, உயிரினங்களைப் பார்த்த பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் ஏற்றிவிடுகிறேன். பழனிமலை, மேகமலைப் பக்கம் பார்த்தவர்கள் இருந்தால் எந்த மாதம், எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வால்நுனி தெளிவாகத் தெரியும் படம் இருந்தால் இன்னும் நல்லது, இனத்தை அடையாளம் காண அது ரொம்ப உதவும்.